பாட்டில் கழுவுகிறவன்

தலைப்பைப் பார்த்ததுமே சில வாசகர்கள், "எழுத்தாளருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது, கதை எழுதிக்கொண்டிருந்தவர் பாட்டில் கழுவ வந்துவிட்டார்" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு வழக்கு. சமையலைப் பற்றி எழுதினால் சிரிப்பதில்லை. தோட்டம் போடுவதைப் பற்றி எழுதினால் சிரிப்பதில்லை. கழுவுவது என்றால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது?

அதிலும் நான் சொல்லப்போவது பீர் பாட்டிலை. இதைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடிய குடும்பஸ்தர்களுக்கு முதலிலேயே ஓர் உறுதி அளித்துவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் பீர் காய்ச்சும் பக்குவம் எதுவும் கிடையாது. நம் தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது, 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். நான் பேசுவது அது குற்றமாக இல்லாத தேசங்களைப் பற்றி. இங்கிலாந்தில் வீட்டில் காய்ச்சுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்றிருந்ததை 1963-இல் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் எடுத்துவிட்டார். அமெரிக்காவிலோ 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது, வீட்டில் திராட்சை மது செய்துகொள்ளலாம் என்று அனுமதித்தவர்கள் பீரை விட்டுவிட்டார்கள். அந்த விடுபாட்டைச் சரிசெய்யும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978-இல். மிஸிஸிப்பி, அலபாமா என்ற இரண்டு ராஜ்யங்கள் 2013 வரையில் மல்லுக்கு நின்றன என்பது தனி வேடிக்கை.

அந்த அமெரிக்கச் சட்டம் ஒரு கணக்கும் சொல்கிறது. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் இருந்தால் வருஷத்துக்கு 100 காலன். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். 200 காலன் என்பது அவர்களுடைய சாதாரண பாட்டிலில் இரண்டாயிரத்துக்கும் மேல். அந்த இரண்டாயிரத்தையும் யார் கழுவுவது என்று எந்தப் பார்லிமெண்டும் கேட்கவில்லை. காய்ச்சுகிறவர்களிலும் பலர் கேட்டுக்கொள்வதில்லை. என் சண்டை அவர்களோடுதான்.

இந்தச் சண்டைக்கு என்னை இழுத்துவிட்டவன் என் அக்காள் மகன். அமெரிக்காவில் ஆரிகன் ராஜ்யத்தில், போர்ட்லண்ட் நகரத்தில் இருக்கிறான். அந்தப் பக்கத்தில் மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகைகளில் பாதி, பீர் காய்ச்சும் கூடங்களாக இருக்கின்றன என்று சொன்னால் மிகை கொஞ்சந்தான். அவன் வீட்டில் நான் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஹாப்ஸ் பூவின் ஜாதிகளைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்கவேண்டும்! 'காஸ்கேட்' என்றும் 'சென்டெனியல்' என்றும், ராக லட்சணம் சொல்லுகிற வித்வான் தோற்றுப்போவார். தண்ணீரில் எத்தனை உப்பு, எந்த உஷ்ணத்தில் எத்தனை நாழிகை என்பதற்கெல்லாம் நோட்டுப் புத்தகம் போட்டு எழுதி வைத்திருக்கிறான். ஒரு தடவை காய்ச்சினால் 5 காலன், சுமார் 50 பாட்டில்.

அந்த ஐம்பது பாட்டில்களும் எங்கிருந்து வந்தன? நண்பர்கள் வீட்டு விருந்துகளில் குடித்துவிட்டுப் போட்டவை. வாரக் கணக்கில் மூலையில் கிடந்தவை. அவற்றுக்கு அவன் செய்த சம்ஸ்காரம் இவ்வளவுதான்: பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த, பொங்கிப் பொங்கி நுரைக்கும் ஒரு திரவத்தைத் தண்ணீரில் கலந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தான். நான் ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வாய் வழியாக அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அடியில் காய்ந்துபோன வண்டல் ஒரு வட்டமாக ஒட்டியிருந்தது.

"உள்ளே அழுக்கு இருக்கிறதேடா?" என்றேன்.

"அது ஒண்ணும் பண்ணாது, மாமா. இந்த மருந்து ரெண்டே நிமிஷத்திலே எல்லாக் கிருமியையும் கொன்னுடும்."

"அழுக்கையும் கொன்றுவிடுமா?"

"அழுக்குக்கு ஏது மாமா உயிர்?" என்று சிரித்தான்.

நல்ல பதில்தான். ஆனால் அந்த ஒரு பதிலில்தான் எத்தனை படித்தவர்களுடைய அறியாமை அடங்கியிருக்கிறது!

விஷயம் என்னவென்றால், கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. கழுவுவது என்றால் ஒட்டியிருப்பதைப் பெயர்த்து வெளியேற்றுவது. கிருமி நீக்குவது என்றால், பெயர்த்தெடுத்த பிறகும் சுத்தமான பரப்பில் மிஞ்சியிருக்கும் நுண்ணுயிர்களைத் தொந்தரவில்லாத அளவுக்குக் குறைப்பது. முதல் வேலை முடியாத இடத்தில் இரண்டாவது வேலை நடக்கவே நடக்காது. அந்த அமிலத் திரவமாகட்டும், அயோடின் கலந்ததாகட்டும், பிளீச் ஆகட்டும், எல்லாம் மேற்பரப்பில் பட்டு வேலை செய்பவை. காய்ந்த வண்டல் என்பது என்ன? இறந்த ஈஸ்ட், புரதம், ஹாப்ஸின் பிசின். அதன் அடியில் பதுங்கியிருக்கும் கிருமியை மருந்து எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. போதாக்குறைக்கு, குளோரினும் அயோடினும் அழுக்கோடு சண்டை போட்டே தங்கள் பலத்தை இழந்துவிடும். சேனை முழுவதும் கோட்டை மதிலோடு மோதி மாண்டுபோக, ராஜா உள்ளே சௌக்கியமாகத் தாம்பூலம் போட்டுக்கொண்டிருப்பான்.

சரி, அந்த ராஜா வெளியே வந்து என்ன செய்துவிடுவான்? இங்கே நான் நியாயமாகப் பேசவேண்டும். பீரில் ஆளைக் கொல்லும் நோய்க்கிருமிகள் வளர்வதில்லை. அதிலுள்ள சாராயம், புளிப்பு, ஹாப்ஸின் கசப்பு, கரியமில வாயு, பிராண வாயு இல்லாமை எல்லாமாகச் சேர்ந்து அவற்றைத் தலையெடுக்கவிடுவதில்லை. ஆகவே, அழுக்குப் பாட்டிலில் குடித்தால் காலரா வரும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் ஹாப்ஸுக்கு அஞ்சாத லாக்டோபாசில்லஸ், பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. காட்டு ஈஸ்ட்டுகள் இருக்கின்றன. பாக்டீரியாக்கள் பீரைப் புளிக்கவைத்துக் கெடுக்கும், அவ்வளவோடு போயிற்று. காட்டு ஈஸ்ட்டின் காரியம் அதைவிட மோசம்.

வீட்டு பீரை அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறார்கள். எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று, மூடிய பாட்டிலுக்குள்ளேயே கரியமில வாயுவை உண்டாக்குகிறது. நுரை வருவது அதனால்தான். அதாவது, மூடி போட்ட பிறகும் பாட்டிலுக்குள் காய்ச்சல் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. சாதாரண ஈஸ்ட் அந்தச் சர்க்கரை தீர்ந்ததும் ஓய்ந்துவிடும். சில காட்டு ஈஸ்ட்டுகளோ, நல்ல ஈஸ்ட் ஜீரணிக்க முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தின் மிச்சத்தையும் விடாமல் தின்னும். தின்னத் தின்ன வாயு ஏறும். கண்ணாடி தாங்குமளவு தாங்கும். அப்புறம் வெடிக்கும். இப்படி வெடிக்கிற பாட்டிலுக்கு அந்த ஊரில் 'பாட்டில் குண்டு' என்றே பெயர். ஒரு குழந்தை அந்த அலமாரிப் பக்கம் போகும் நேரமாகப் பார்த்து அது வெடிக்காது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? சர்க்கரை அதிகமானாலும் வெடிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அளந்து போட்ட சர்க்கரையை நோட்டுப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். அடியில் ஒட்டிய வண்டலில் என்ன இருக்கிறது என்று எந்த நோட்டில் பார்ப்பது?

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1871-இல் பாஸ்டர் லண்டனுக்குப் போய், விட்பிரெட் என்ற பெரிய பீர் ஆலையில் ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அதுவரையில் அந்த ஆலையில் மைக்ராஸ்கோப் கிடையாது. அவர் வந்துபோன கையோடு ஒன்று வாங்கினார்கள். 1876-இல் பீரின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்ஸன் 1883-இல் ஒரே ஓர் ஈஸ்ட் அணுவிலிருந்து தூய வம்சத்தை வளர்த்துக் காட்டினார். காட்டு ஈஸ்ட்தான் பீரைக் கெடுக்கும் திருடன் என்று நிரூபித்தவரும் அவரே. என் மருமான் கடையில் வாங்கும் ஈஸ்ட் பாக்கெட் அந்த ஹான்ஸனுடைய உழைப்பின் பலன். அத்தனை தூய்மையான ஈஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்கி, யாரோ குடித்துவிட்டு மூலையில் போட்ட எச்சில் பாட்டிலில் கொண்டுபோய் அடைப்பதற்கு என்ன பெயர் சொல்ல?

"சமாதானமாக இருங்கள், கவலைப்படாதீர்கள்" என்று போதிக்கும் ஒரு மதம் இந்த வட்டாரத்தில் உண்டு. சார்லி பப்பாஸியன் என்பவர் 1984-இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து பரவியது. பயந்து நடுங்கிக்கொண்டிருந்த புதியவர்களுக்குத் தைரியம் சொல்வதற்காக அந்த மனிதர் நல்ல எண்ணத்தோடு சொன்னார். சிஷ்யகோடிகள் அதைச் சோம்பலுக்கு உபதேசமாக எடுத்துக்கொண்டார்கள். குருநாதர்களுடைய வாக்குக்கு எந்தத் தேசத்திலும் இந்தக் கதிதான்.

மருந்துதான் போதாது, சூடு போதுமே என்பார்கள் சிலர். அடுப்புப் பெட்டிக்குள் பாட்டில்களை அடுக்கி 170 டிகிரி சென்டிகிரேடில் ஒரு மணி நேரம் வைத்தால் உள்ளே உயிர் ஒன்றும் மிஞ்சாது. மறுக்கவில்லை. ஆனால் அழுக்கு அங்கேயே தீய்ந்து, முன்னைவிடக் கெட்டியாகக் கண்ணாடியில் பற்றிக்கொள்ளும். பிணத்தை வெளியே எடுக்காமல் வீட்டுக்கு வெள்ளையடித்துக் குடிவருகிற மாதிரி. பாத்திரம் கழுவும் யந்திரத்தில் வைக்கலாமே என்றால், பீர் பாட்டிலின் கழுத்து குறுகலானது. தண்ணீர்ப் பீச்சல் அடிவரைக்கும் போவதில்லை. வெளியே பளபளவென்று வரும். அந்தப் பளபளப்பை நம்பித்தான் மோசம் போகிறார்கள். பளபளப்புக்காக யந்திரத்தில் ஊற்றும் திரவத்தின் மிச்சம், பீரின் நுரையைக் கொன்றுவிடுவது வேறு.

பிளீச்சைப் பற்றி ஒரு வார்த்தை. மலிவு, எங்கும் கிடைக்கும், கிருமியையும் கொல்லும். ஆனால் சரியாக அலசாமல் விட்டால், குளோரின் பீரிலுள்ள பீனால்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி வாசனையை உண்டாக்கிவிடும். மிகமிகச் சொற்பமாக இருந்தாலும் நாக்குக்குத் தெரியும். பிளீச்சோடு வினிகரைக் கலந்தால் இன்னும் பலம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அமிலம் பட்டால் பிளீச்சிலிருந்து விஷவாயுவான குளோரின் கிளம்பும். இது நம் வீட்டுக் குளியலறைக்கும் பொருந்துகிற எச்சரிக்கை.

பின் எப்படித்தான் கழுவுவது? இதில் எந்த மந்திரமும் இல்லை. குடித்து முடித்த அந்த நிமிஷமே மூன்று தடவை தண்ணீர் விட்டுக் குலுக்கி அலசிக் கவிழ்த்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. வண்டல் ஈரமாக இருக்கும்வரையில் தண்ணீருக்குக் கட்டுப்படும், காய்ந்துவிட்டால் கட்டுப்படாது. காய்ந்துபோன பாட்டிலுக்குச் சோடியம் பெர்கார்பனேட் என்ற பொடி இருக்கிறது. வெந்நீரில் போட்டால் சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் பிரியும். சோடா பிசுக்கைக் கரைக்கும். பெராக்ஸைடு கறையை அரிக்கும். இரவு முழுவதும் ஊறவைத்தால் வெளியே ஒட்டிய லேபிள்கூடத் தானாகக் கழன்று மிதக்கும். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் உள்ளே வெள்ளையாகப் படியும். அதற்குக் கொஞ்சம் வினிகர் விட்டுத் தனியாக அலச வேண்டும். அப்புறம் நீளக் குச்சி பிரஷ். அப்புறம் நல்ல தண்ணீர். அப்புறம் வெளிச்சத்தில் ஒரு பார்வை. மூக்கால் ஒரு மோப்பம். இத்தனையும் ஆன பிறகு, அடைக்கிற அன்றைக்கு அந்த அமிலத் திரவம் வரட்டும். அப்போது அது சொன்னபடி ஓரிரண்டு நிமிஷத்தில் தன் வேலையைச் செய்யும். அதன் மேல் எனக்கு விரோதம் இல்லை. முதல் பந்தியில் அதை உட்காரவைப்பதுதான் ஆட்சேபம்.

இதை வாசிக்கும் பெண்மணிகள், "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டியவர்களும் அவர்கள்தான். ஊறுகாய் ஜாடியைத் தேய்த்து, வெந்நீர் விட்டு அலசி, அதன் பிறகல்லவா வெயிலில் காயவைக்கிறோம்? போன வருஷத்து மாவடுவின் பிசுக்கோடு ஜாடியை வெயிலில் வைத்து, "சூரிய பகவான் பார்த்துக்கொள்வார்" என்று எந்த வீட்டிலாவது சொன்னதுண்டா? குழந்தையின் பால் புட்டியைப் பிரஷ் போட்டுக் கழுவிய பிறகுதான் கொதிக்கவைக்கிறோம். ஆஸ்பத்திரியில் கத்தியையும் கத்தரியையும் கழுவிய பிறகுதான் நீராவிப் பெட்டியில் வைக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த இந்த வரிசை, பெரிய படிப்புப் படித்த ஆண்பிள்ளைகள் பொழுதுபோக்குக்காகக் கைவேலை செய்ய வரும்போது மட்டும் தலைகீழாகிவிடுகிறது. காரணம் சாதாரணம். மருந்து ஊற்றுவது விஞ்ஞானம். பிரஷ் போடுவது வேலைக்காரி வேலை.

மத்திய காலத்து இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு ஏல் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். காய்ச்சிய கையே பாத்திரத்தையும் கழுவியது. காய்ச்சுவது லாபமும் கௌரவமும் உள்ள தொழிலாக வளர்ந்தபோது அது ஆண்கள் கைக்குப் போயிற்று. கழுவுவதற்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. ஒரு காரியாலயத்தில் சில்லறை வேலையெல்லாம் பார்க்கிற ஆசாமியை, 'தலைமைச் சமையற்காரனும் பாட்டில் கழுவுகிறவனும்' என்று இங்கிலீஷில் கேலி செய்வார்கள். ஏணியின் உச்சிப்படி சமையற்காரன். அடிப்படி பாட்டில் கழுவுகிறவன்.

நாவல் வாசிப்பவர்களுக்கு இது தெரிந்த இடந்தான். 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில், தாயை இழந்த பத்து வயது டேவிட்டை மாற்றாந்தகப்பன் ஒரு மது வியாபாரக் கிடங்கில் வேலைக்குத் தள்ளுகிறான். அங்கே பையன்களுடைய வேலை என்ன? காலி பாட்டில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, கோளாறானதைக் கழிப்பது, மற்றதை அலசிக் கழுவுவது. டிக்கன்ஸ் தாமும் 1824-இல், பன்னிரண்டு வயதில், பூட்ஸுக்குப் போடும் கறுப்பு மை தயாரிக்கும் ஆலையில் லேபிள் ஒட்டியவர். அந்த அவமானத்தை உலகத்துக்குத் தெரியாமல் ஆயுள் முழுவதும் மூடிவைத்திருந்தார். 1870-இல் அவர் காலமான பிறகு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம்தான் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்துக் கண்ணீர் விட்ட தலைமுறைகள் எத்தனை! ஆனால் எதற்காகக் கண்ணீர் விட்டார்கள்? பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய குழந்தையைக் கிடங்கில் அடைத்தார்களே என்று அழுதால் அது நியாயம். "ஐயோ, நல்ல குடும்பத்துப் பிள்ளை பாட்டில் கழுவும்படி ஆயிற்றே!" என்று அழுதவர்கள்தான் அதிகம் என்று எனக்குச் சந்தேகம். அந்தக் கிடங்கில் சரியாக நடந்த காரியம் ஒன்றே ஒன்று, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுதான். அதை என் மருமான் செய்யவில்லை. அவன் வீட்டு அலமாரியில் அந்த நாவலின் தோல் அட்டைப் பதிப்பு இருக்கிறது.

மரியாதை இல்லாத வேலை என்பதால்தான் அதைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார்கள். சீக்கிரம் முடிக்க ஒரு மருந்து விற்கிறது என்றால் அதன் பின்னால் ஓடுகிறார்கள். "இதற்கெல்லாம் நேரம் ஏது, மாமா?" என்பது அவனுடைய கடைசி வாதம். ஒரு தடவை காய்ச்சுவதற்கு ஒரு பகல் முழுவதும் அடுப்படியில் நிற்கிறான். அது புளிக்க இரண்டு வாரம் பொறுமையாகக் காத்திருக்கிறான். பாட்டிலில் நுரை பிடிக்க இன்னும் இரண்டு வாரம். ஆக ஒரு மாதம் காத்திருக்கத் தெரிந்தவனுக்கு, குடித்த பாட்டிலை அலசிக் கவிழ்க்க அரை நிமிஷம் இல்லையாம்!

பழைய பாட்டிலே வேண்டாம், புதிதாக வாங்கிவிட்டால் போயிற்று என்று இன்னொரு கட்சி கிளம்பும். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டில் ஒரே தடவை உபயோகிப்பதற்காகப் பிறந்தது அல்ல. ஜெர்மனியில் பீர் பாட்டிலுக்கு முன்பணம் வைத்துத் திருப்பி வாங்கி, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் யந்திரத்தில் கழுவி, ஒரே பாட்டிலைப் பத்துக் கணக்கான தடவை மறுபடி மறுபடி நிரப்புகிறார்கள். அங்கும் வரிசை இதுதான்: கழுவு, அலசு, பரிசோதி, நிரப்பு. பரிசோதனையில் தேறாததை யந்திரம் தயவுதாட்சண்யம் இல்லாமல் தள்ளிவிடுகிறது. அந்தத் தாட்சண்யமின்மை வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கும் வேண்டும். அவர்கள் அந்த பாட்டிலைத் தாங்கள் மட்டுமா குடிக்கிறார்கள்? சிநேகிதனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார்கள். பழுப்புக் கண்ணாடி, நிறையப் பீர். வாங்குகிறவன் உள்ளே பார்க்க வழியில்லை. கொடுக்கிறவனுடைய கையை நம்பித்தான் மூடியைத் திறக்கிறான்.

ஆகவே, ஊறவைத்தும் தேய்த்தும் கறை போகாத பாட்டில், கழுத்தில் கீறலோ சில்லோ விட்ட பாட்டில், என்ன செய்தாலும் ஏதோ ஒரு வாடை அடிக்கிற பாட்டில், இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். உடைந்த கண்ணாடி போடுகிற தொட்டியில் போட்டுவிடலாம். கண்ணாடி உருக்கும் உலையின் சூடு சுமார் 1,500 டிகிரி. எந்தக் காட்டு ஈஸ்ட்டும் அங்கே பிழைத்துக் கிடக்காது, வண்டலும் மிஞ்சாது. அடுத்த தடவை அது புதுப் பாட்டிலாகவே திரும்பி வரும்.